தள்ளுதலும் தள்ளிவைத்தலும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் விலக்கின் சொற்களும் சட்டத்தின் வரம்பும்

ஒரு சமயக் குழுவிலிருந்தோ சாதிக் குழுவிலிருந்தோ வெளியேறியவரை அக்குழுவினர் நடத்தும் முறையைக் குறிக்கத் தமிழில் விலக்கு, நீக்கு, ஒதுக்கு, தள்ளு முதலிய வினைகள் வழங்குகின்றன. இவற்றுள் பின்னிரண்டும் பேச்சு வழக்கில் பெரும்பாலும் 'வை' என்னும் துணைவினையோடு சேர்ந்தே வருகின்றன. 'தள்ளினார்கள்' என்பது நிகழ்ந்து முடிந்த ஒரு செயலைச் சுட்டும். 'தள்ளி வைத்தார்கள்' என்பதோ, செயல் முடிந்த பின்னும் அதன் பயன் நீடிப்பதை உணர்த்தும். இவ்விலக்கண வேறுபாடு சட்ட வரலாற்றை விளங்கிக்கொள்ளவும் துணைசெய்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. தள்ளுதலைத் தடுக்கச் சட்டம் பலமுறை முயன்றுள்ளது. தள்ளிவைத்தலை அது பெரும்பாலும் தொட்டதில்லை.

ஆய்வுக்குரிய நிலப்பகுதியை முதலில் சுட்டிச் செல்லலாம். 1956-க்கு முன் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதனை அடுத்த சிற்றூர் கொச்சி மன்னராட்சியிலும், இன்றைய இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும் இருந்தன. எனவே விலக்கப்பட்ட ஒருவர் எங்கு முறையிடலாம் என்பது அவர் எவ்வூரில் வாழ்ந்தார் என்பதைப் பொறுத்தது. சொற்களும் இங்கு எல்லை கடந்து கலந்துள்ளன. தமிழர் 'ஊர்விலக்கு' என்பதை மலையாளிகள் 'ஊருவிலக்கு' என்பர். நம்பூதிரி வழக்கில் 'பிரஷ்டு'. சிரியன் கிறித்தவர் வழக்கில் சிரியாக் மொழி வழிவந்த 'மகறோன்'. தமிழ்க் கிறித்தவர் வழக்கில் 'புறம்பாக்குதல்'. முஸ்லிம்களிடையே ஜமாஅத்திலிருந்து, அல்லது மகல்லிலிருந்து, நீக்குதல். பெயர்கள் வேறாயினும் உள்ளீடு ஒன்றே: அன்னந்தண்ணி புழங்காமை, கொள்வினை கொடுப்பினை நிறுத்தம், இறந்தால் இடுகாடு மறுத்தல்.

கொச்சி அரசில் 1905-இல் நிகழ்ந்த குறியேடத்துத் தாத்திரியின் 'ஸ்மார்த்தவிசாரம்' மொழியியலாருக்கு முதன்மையான சான்றாகும். அரசனின் இசைவோடு நடந்த இவ்விசாரணையின் முடிவில் தாத்திரியும், அவர் பெயர் சுட்டிய அறுபதுக்கும் மேற்பட்ட ஆடவரும் விலக்கப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட பெண்ணை இம்முறையில் 'சாதனம்' என்றே குறிப்பர். சாதனம் என்றால் பொருள். தீர்ப்பு வருமுன்னரே அவர் உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு மாற்றப்பட்டுவிடுகிறார். விலக்கப்பட்டபின் உறவினர் அவரை இறந்தவராகக் கொண்டு நீர்க்கடன் கழித்துவிடுவர். அதாவது, தள்ளுதல் அரசன் அறிய நடந்த ஒரு நிகழ்ச்சி. தள்ளிவைத்தல் வீட்டுக்குள் வாழ்நாள் முழுதும் தொடர்ந்த ஒரு நிலை. இங்கு அரசே விலக்கின் ஓர் உறுப்பாக நின்றமையால் மேல்முறையீடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிரிட்டிஷ் இந்தியாவில் நிலைமை சற்று வேறு. 1850-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம், சமயத்தைத் துறந்தவரோ சாதியிழந்தவரோ சொத்தையும் மரபுரிமையையும் இழக்கமாட்டார் என்றது. மதம் மாறியவரின் பாகம் காக்கப்பட்டது. அவரோடு ஒரே பந்தியில் அமரும்படி எவரையும் அச்சட்டம் பணிக்கவில்லை. 1883-இல் சென்னை உயர்நீதிமன்றம் முன் வந்த ஒரு வழக்கு இதைவிட நுட்பமானது. ஒரு மடத்தலைவர் சீடர் ஒருவரை விலக்கி, அச்செய்தியை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினார். விலக்கும் உரிமை குருவுக்கு உண்டென நீதிமன்றம் ஏற்றது. யாரும் படிக்கத்தக்க அட்டையில் எழுதியதே சிறப்புரிமையின் எல்லை மீறிய அவதூறு என்றது. உறையிட்டு ஒட்டிய கடிதமாயிருந்தால் குற்றமில்லை! விலக்கு என்ற செயலை விட்டு, அது எழுதப்பட்ட தாளைத் தண்டிக்கும் இப்போக்கு பின்னரும் தொடர்வதைக் காணலாம்.

1949-இல் பம்பாய் மாகாணம் இயற்றிய சமூகவிலக்குத் தடுப்புச் சட்டம் இத்துறையில் துணிவான முயற்சி. எனினும் அதன் வரையறை நோக்கத்தக்கது. உரிமையியல் வழக்கின் மூலம் நிலைநாட்டத்தக்க உரிமைகளைப் பறிக்கும் வெளியேற்றமே அச்சட்டத்தில் விலக்கு எனப்பட்டது. வழிபாடு, அடக்கம் ஆகிய உரிமைகள் அதனுள் அடங்கும். உடன்பிறந்தாள் பேசுவது அடங்காது. அந்த அளவுகூட நிலைக்கவில்லை. தாவூதி போரா சமயத்தலைவர் சையத்னா தாகிர் சைபுத்தீன் தொடுத்த வழக்கில் 1962-இல் உச்சநீதிமன்றம், சமயக் காரணத்துக்காக விலக்குதல் அச்சமயப் பிரிவு தன் சமயக் காரியங்களை நடத்திக்கொள்வதன் பகுதியே எனக் கொண்டு, அரசியலமைப்பின் 26-ஆம் உறுப்பின்படி அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. தலைமை நீதிபதி பி.பி. சின்கா மட்டும் மாறுபட்டார். விலக்கப்பட்டவரின் நிலையைத் தீண்டாமையோடு ஒப்பவைத்து 17-ஆம் உறுப்பை அவர் துணைக்கழைத்தது இன்றும் படித்தற்குரியது. அத்தீர்ப்பை மறு ஆய்வு செய்யக் கோரிய வழக்கு 1986-இல் தொடங்கி, 2023 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இதனிடையே மகாராட்டிரம் 2016-இல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகத் தனிச்சட்டம் இயற்றியது.

நாடு முழுமைக்குமான வேறிரு சட்டங்களும் உள. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்தவரைத் தம் சமூகத்திலிருந்து விலக்குவோரைத் தண்டிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்யப்பட்ட திருத்தம் 'சமூகப் புறக்கணிப்பு' என்பதற்கு வரையறை தந்தது. வழக்கமான சேவையை மறுத்தல், வழக்கமான உறவைத் தவிர்த்தல், தனிமைப்படுத்தல் ஆகியன அதனுள் அடங்கும். தள்ளிவைத்தல் என்னும் நிலையை இந்தியச் சட்டம் இவ்வளவு நெருங்கியது அரிது. ஆயின் விலக்குபவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராயும், விலக்கப்படுபவர் அவ்விரு பிரிவுகளில் ஒன்றைச் சேர்ந்தவராயும் இருந்தால்தான் அது செல்லும்.

எல்லைப் பகுதியில் இதன் விளைவு தெளிவாகத் தெரிகிறது. இடுக்கி மாவட்டத்து வட்டவடையில், தமிழ்நாட்டில் அருந்ததியர் என வழங்கும் சக்கிலியர் சமூகத்தார்க்கு முடிவெட்ட மறுக்கப்பட்டது பெரும் செய்தியாகி, 2020-இல் ஊராட்சியே கோவிலூரில் பொது முடிதிருத்தகம் திறந்தது. பாலக்காட்டு முதலமடையை அடுத்த கோவிந்தாபுரத்தில் 2017-இல் எழுந்த தீண்டாமை முறையீடுகளும் இவ்வகையினவே. இங்கெல்லாம் ஒதுக்குவோர் வேறு சாதியினர். ஆகவே சட்டம் நுழைய வழியுண்டு. தேவிகுளம் மலைகளில் வாழும் முதுவர் குடிகளில், புறத்தே மணம் செய்தவரைக் குடியே விலக்கும்போது இருதரப்பும் பழங்குடியினராதலின் அத்திருத்தம் பயன்படுவதில்லை. கிறித்தவத்துக்கு மாறிய தலித்தின் நிலை இன்னும் சிக்கலானது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர் பட்டியல் சாதியினர் அல்லர். மாறிய மதத்திலிருந்து பின்னர் விலக்கப்பட்டாலும், விட்டுவந்த சாதியாரால் ஒதுக்கப்பட்டாலும் இச்சட்டத்தின் காப்பு அவருக்கில்லை. வெளியார் ஒதுக்கினால் கேட்கும் சட்டம், தன்னவர் ஒதுக்கினால் கேட்பதில்லை. முன்னாள் உறுப்பினரை ஒதுக்குவோரோ பெரும்பாலும் தன்னவரே.

கேரளத்தில் சட்டம் உறுதியாகக் கைவைத்த இடம் ஒன்றுண்டு. அது சுடுகாடும் கல்லறையும். திருச்சபைக்கு ஆகாதவரைப் புதைக்கும் மூலைக்குத் 'தெம்மாடிக்குழி' என்று பெயர். மலையாளத் திறனாய்வாளர் எம்.பி. பால் 1952-இல் இறந்தபோது அவருக்குக் கிடைத்த இடமும் அதுவே. ஆர்த்தடாக்ஸ், யாக்கோபியப் பிரிவுகளின் பிணக்கில் பிணங்கள் காத்துக் கிடந்ததன் பின், 2020-இல் கேரளச் சட்டமன்றம் குடும்பக் கல்லறையில் அடக்கம் பெறும் உரிமையைச் சட்டமாக்கியது. எந்தப் பாதிரியார் சடங்கு செய்வது என்பதில் அச்சட்டம் தலையிடவில்லை; வேறிடத்தில் சடங்கை முடித்துக்கொண்டு உடலைக் கொண்டுவரலாம் என்றது. நிலத்தைக் கொடுத்துச் சடங்கை விட்டுவிட்ட இவ்வழி, 1850-ஆம் ஆண்டுச் சட்டம் சொத்தைக் கொடுத்துப் பந்தியை விட்டுவிட்ட வழியேயாகும்.

மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டியது ஒன்று. சட்டத் தமிழில் வழங்கும் 'புறக்கணிப்பு' கடையையும் தேர்தலையும் புறக்கணிப்பதற்கும் உரிய சொல். அதற்கு மூலமான ஆங்கிலச் சொல் 1880-இல் அயர்லாந்தில் குடியானவர்கள் ஒரு பண்ணை முகவருக்கு எதிராக எழுப்பிய எதிர்ப்பில் பிறந்தது. எளியோர் வலியோர்மீது எடுத்த கருவி அது. ஊர் முழுதும் ஒரு வீட்டின்மீது எடுப்பதற்கும் அதே சொல்லைக் கையாளும்போது ஏற்றத்தாழ்வு மறைந்துபோகிறது. மேலும், 'விலகினார்', 'விலக்கப்பட்டார்' என்னும் இரண்டின் வினையடிகளும் (விலகு, விலக்கு) ஒரெழுத்தளவே வேறுபடினும், தாமே போனார் என்று ஒரு சபை பதிவதும் போக்கப்பட்டார் என்று அவர் முறையிடுவதும் அவ்வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கின்றன. வாக்குமூலங்களைப் பெயர்ப்போர் தன்வினையையும் பிறவினையையும் வாதி சொன்னபடியே காத்துத் தருதல் வேண்டும். 'தள்ளி வச்சுட்டாங்க' என்று ஒருவர் சொன்னதை 'வெளியேற்றப்பட்டேன்' என்று எழுதினால், 'வை' என்னும் துணைவினையோடு அவர் முறையீட்டின் பாதி கோப்பில் ஏறாமற் போய்விடும்.