கதிர்காமப் பாதயாத்திரையும் மட்டக்களப்பின் நீர்வழிகளும்

ஈழத்தின் கீழ்க்கரை வழியாகக் கதிர்காமம் நோக்கிக் கால்நடையாகச் செல்லும் யாத்திரை தொன்மை வாய்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் அடியார் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை ஆகிய இடங்களைக் கடந்து, ஆடித் திருவிழாக் காலத்தில் மாணிக்க கங்கைக் கரையை அடைவர். இவ்வழியின் இடர்களைக் கூறுவோர் பெரும்பாலும் கூமுனைக்கு அப்பாலுள்ள காட்டையே கூறுவர். அதற்கு முன்னரே தாழ்நிலத்து நீர்வழிகள் அடியாரைச் சோதித்தன என்பது மறக்கற்பாலதன்று.

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே மகாவலியின் கிளைகளும் களப்புகளும் பாதையை இடையிடையே அறுக்கின்றன. அவற்றுள் வெருகலாறு பெரிது. பாலங்கள் இல்லாத நாளில் ஒவ்வொரு துறையிலும் தோணி வரும்வரை காத்திருத்தல் வேண்டும். ஆழங்குறைந்த இடங்களில் மூட்டையைத் தலைமேற் சுமந்து சேற்றில் இறங்கினர். முதலைக்கு அஞ்சியே நடந்தனர்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு, எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரிக்கின்றது. எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணற்றிடல். அவ்வழி செல்வோர் மண்டூர் முருகனை வழிபட விரும்பின், குருமண்வெளித் துறையில் வாவியைக் கடந்தேயாதல் வேண்டும்.

யாத்திரை மாரியில் நிகழ்வதன்று, கோடையில் நிகழ்வது. ஆதலின் வெள்ளத்தினும் வேட்கையே பெரிதாயிற்று. இருபுறமும் நீர் பரந்திருந்தும் அது உவர்நீர், குடிக்க உதவாது. தேங்கிய நீரில் நுளம்பு பெருகி மலேரியாக் காய்ச்சலைப் பரப்பியது. திருவிழாக் கூட்டத்தில் வாந்திபேதி பரவுமென அஞ்சி, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசு யாத்திரையைக் கட்டுப்படுத்தியது.

இவ்விடர்களைத் தனியொருவர் வெல்லுதல் அரிது. ஆகவே அடியார் கூட்டமாகச் சென்றனர். ஊரார் கோயில்களில் தங்க இடமளித்து, சோறும் நன்னீரும் ஈந்தனர். நீர் எங்கெங்கே வழியை மறித்ததோ, அங்கங்கே யாத்திரிகர் தங்க நேர்ந்தது. தங்கிய இடத்தில் உறவு வளர்ந்தது. வடபுலத்தாரும் கீழ்க்கரையாரும் ஒருவரையொருவர் அறிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாம்.

1920களில் கல்லடியில் பாலம் எழுந்தது. 2009க்குப் பின்னர் கீழ்க்கரைத் துறைகள் பலவற்றில் புதிய பாலங்கள் அமைந்தன. 2014இல் மண்முனையும் பாலம் பெற்றது. இலங்கை மலேரியா ஒழிந்த நாடென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இடர்கள் குறைந்தமை நன்றே. எனினும், துறைதோறும் அந்நியரைக் காத்த விருந்தோம்பற் பண்பு பாலங்களோடு மறைந்துவிடாதிருத்தல் வேண்டும். பாதயாத்திரை இன்றும் நடைபெறுவது அந்நம்பிக்கையை ஊட்டுகின்றது.