அடுத்த மாதத் தவணையும் ஆரியபட்டரின் வர்க்கமூலமும்

ஆரியபட்டீயம், கணிதபாதத்தின் 20ஆம் சுலோகம் கூட்டுத் தொடரின் கூடுதலைக் கொண்டு உறுப்புகளின் எண்ணிக்கையைக் காணும் விதி. இருபடிச் சமன்பாட்டின் தீர்வு ஆரியபட்டரின் காலத்தில், கி.பி. 499இலேயே தெரிந்திருந்தது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. சுலோகம் சொல்லும் படிகளின் வரிசையைக் கவனித்தால் அந்த வாசிப்பை ஏற்பதற்கில்லை.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலில் ஒரு கணக்கு உண்டு. ரூ.65,000 கடனுக்கு முதல் மாதம் ரூ.400, பிறகு மாதந்தோறும் ரூ.300 கூட்டிக் கட்டினால் எத்தனை மாதத்தில் தீரும்? உத்திரமேரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தவணை புதிதல்ல. மகளிர் குழுக் கடன் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. ஆனால் பள்ளியில் எழுதும் சமன்பாடு 20, −65/3 என இரு விடை தருகிறது. பின்னதை அடித்துவிட வேண்டியிருக்கிறது.

சுலோகத்தின் வழியே போவோம். கூடுதலை எட்டாலும் பொது வித்தியாசத்தாலும் பெருக்கினால் 15,60,00,000. முதல் உறுப்பின் இருமடங்கில் பொது வித்தியாசம் போக 500. அதன் வர்க்கம் 2,50,000. இரண்டையும் கூட்டி மூலம் எடுத்தால் 12,500. அதில் முதல் உறுப்பின் இருமடங்கான 800ஐக் கழித்தால் 11,700, 300ஆல் வகுத்தால் 39, ஒன்று கூட்டினால் 40, பாதி 20.

இந்த 12,500 எது? கடைசித் தவணை 6,100. கடன் தீராமல் இருந்தால் அடுத்த மாதம் கட்டவேண்டியது 6,400. இரண்டும் சேர்ந்ததே அது. 500 என்பதும் அப்படித்தான்: முதல் தவணை 400, அதற்கு முந்தைய மாதம் ஒன்று இருந்திருந்தால் 100. எந்தத் தவணையை எடுத்தாலும், அதையும் அடுத்ததையும் கூட்டிய தொகையின் வர்க்கத்திலிருந்து, அதையும் முந்தையதையும் கூட்டிய தொகையின் வர்க்கத்தைக் கழித்தால், அந்தத் தவணையை எட்டாலும் வித்தியாசத்தாலும் பெருக்கிய அளவே மிஞ்சும். முதல் மாதத்துக்கு 1,100, 500 ஆகியவற்றின் வர்க்கங்களுக்கிடையே 9,60,000, அதாவது 8×400×300. இரண்டாம் மாதத்தில் 1,100இன் வர்க்கம் கழிபடுகிறது. இப்படி இடையிலுள்ளவை எல்லாம் அடிபட்டு முதலும் கடைசியும் மட்டுமே நிற்கின்றன. இருபடிச் சமன்பாடு எங்கும் வரவில்லை.

39க்கும் பொருள் உண்டு. முதல் தவணையிலிருந்து கடைசித் தவணை 19 உயர்வு, அடுத்தது 20 உயர்வு, இரண்டும் சேர்ந்து 39. பிரம்மகுப்தர் 628இல் இந்த விதியையே சுருக்கினார்: 12,500இல் 500 கழித்து 600ஆல் வகுத்தால் போதும். சுருக்கம் சிறப்புத்தான், ஆனால் 39 அதில் மறைந்துவிடுகிறது. நீண்ட வரிசை யாப்புக்காக அமைந்தது என்பவர்கள், அதன் ஒவ்வொரு படியும் ஏன் பொருளோடு நிற்கிறது என்று சொல்வதில்லை.

சுலோகம் காரணம் கூறவில்லை. ஆகவே ஆரியபட்டர் இவ்வாறே கண்டார் என்று நான் அறுதியிடவில்லை. எனினும் ஆரியபட்டீயத்துக்கு உரை எழுதி, தொடர்களை உருவங்களாக அடுக்கி விளக்கிய நீலகண்ட சோமயாஜியின் முறைக்கு இது அந்நியமல்ல: 500 பக்கமுள்ள சதுரத்தைச் சுற்றி மாதம் ஒரு சட்டகம் ஏறுகிறது.

கிராமத்துப் பிள்ளைக்குச் சூத்திரம் போதும், இந்த விளக்கம் எதற்கு என்ற மறுப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஊர்ச்சபை வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவர் உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்கிய 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு உத்திரமேரூரில்தான் இருக்கிறது. படிக்குப் படி விளக்கம் கேட்பது அங்கே மிகையாகாது. −65/3ஐ ஏன் தள்ளுகிறோம் என்று கேட்கும் மாணவிக்கும் விடை இருக்கிறது: வர்க்கமூலமாக வருவது இரண்டு தவணைகளின் கூட்டுத்தொகை, அதைக் குறை எண்ணாகக் கொண்டால்தான் −65/3 வரும், ஆனால் அது குறை எண்ணாக இருக்க முடியாது.