கலந்த ஒலியும் பிரிந்த ஒலியும்

மாத்தளை மாவட்டத்திலே, கலேவெலைக்கு அண்மையில் உள்ளது வஹகோட்டை. கண்டியரசர் காலத்தில் குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் என்றும், அந்தோனியார் திருத்தலம் அமைந்த ஊர் என்றும் அது பெயர்பெற்றது. ஆண்டுதோறும் யூன் மாதத்துத் திருவிழாவுக்குச் சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் யாத்திரையாக வந்து சேர்வர். 1705ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இவ்விரு மொழிகளிலும் ஞானநூல்களும் பாடல்களும் இயற்றியவர். அவர் வழிவந்த புலம்பற் பாடல்கள் ஏட்டைக் காட்டிலும் நாவினாலேயே பெரிதும் காக்கப்பட்டன. மாத்தளையின் தோட்டப்புறங்களிலோ தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் அவ்வாறே வாய்வழி வந்தன. மலையகப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கிய சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் அவற்றின் சொற்களை அழியாமற் காத்தார்கள். ஆனால், சொல்லை ஏந்தும் தாள் மெட்டை ஏந்த வல்லதன்று. மெட்டைக் காக்க ஒலிப்பதிவு வேண்டும்.

இக்காலத்திலே சிற்றூரில் உள்ள ஒரு வீட்டறையையும் ஒலிப்பதிவுக் கூடமாக்கல் இயலும். அங்ஙனம் முயலும் குடும்பம் முதலில் மயங்கி நிற்பது ஒரு பொருளின் முன்னேதான். பல ஒலிவாங்கிகளிலிருந்து வரும் ஒலிகளை ஏற்றியும் இறக்கியும் ஒன்றாகச் சேர்க்கும் மேசை அது. கடைக்காரரும் பாடகரும் அதனை 'மிக்ஸர்' என்றே வழங்குவர். எட்டுச் சனல் வேண்டுமா, பதினாறு வேண்டுமா, விலை மிகுந்ததுதான் சிறந்ததா என்னும் வினாக்கள் எழுகின்றன. விளம்பரத் தாளைக் காட்டிலும் அம்மேசையின் வரலாறு இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தருகின்றது.

மிக்ஸர் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1925ஆம் ஆண்டுக்கு முன்னர் இசைத்தட்டுப் பதிவு செய்வோர் ஒரு பெரிய புனலின் வாயின் எதிரே நின்று பாடினர். ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறியது. பாடகர் புனலை நெருங்கி நிற்பார். உரத்த கருவி வாசிப்போர் பின்னே தள்ளி நிற்பர். எந்தக் குரல் மேலோங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதைக் காலடித் தூரமே தீர்மானித்தது. பதிவு முடிந்தபின் அத்தீர்ப்பை மாற்ற எவராலும் இயலாது.

இலங்கையின் ஒலிபரப்பும் அக்காலத்திலேயே அரும்பிற்று. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர், சிறைப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகளைக் கொண்டு அமைத்த கருவியினால், 1923இல் கொழும்பிலிருந்து கிராமபோன் இசையை வானில் பரப்பினார். 1925 திசம்பர் 16ஆம் நாள் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. இசைத்தட்டொன்றை மட்டும் ஒலிக்கச் செய்வதற்குக் கலப்பு மேசை வேண்டுவதில்லை. அறிவிப்பாளரின் குரல், பாடகரின் குரல், பக்கவாத்தியம் ஆகியவை ஒரே வேளையில் ஒலிவாங்கிகளின் முன் வந்தபோதே அவற்றின் அளவைச் சமன்செய்ய ஒருவர் மேசையின் முன் அமர வேண்டியதாயிற்று.

1925இல் மின்சார முறைப் பதிவு வழக்கிற்கு வந்தது. காலடித் தூரம் செய்த வேலையைக் கைவிரல் செய்யத் தொடங்கிற்று. ஆயினும், தீர்ப்பு அந்தக் கணத்திலேயே வழங்கப்படவேண்டும் என்னும் நிலை மாறவில்லை. மிருதங்கம் சற்று மிகுந்துவிட்டால் அது மிகுந்ததாகவே தட்டில் நிலைத்துவிடும். வானொலி நிலையத்தின் நேரடி நிகழ்ச்சியிலே இன்றும் இதுவே நிலை. கலப்பவரின் கை தவறினால் கேட்பவரின் செவிக்கு அது தப்பாது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் லெஸ் போல். அவர் பெரிய நிறுவனத்தின் கூடத்தில் அன்றித் தம் வீட்டிலேயே அம்முயற்சியைச் செய்தார். 1948இல் வெளியான ஒரு பாடலில் எட்டுக் கிற்றார்ப் பகுதிகளையும் தாமே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டிலே பதித்தார். 1951இல் மேரி போர்ட் என்னும் பாடகியுடன் வெளியிட்ட பாடலுக்கு ஒலிநாடாவைக் கையாண்டார். ஆனால் அம்முறையில் ஒரு பேரிடர் இருந்தது. புதிய ஒலியைச் சேர்க்குந்தோறும் பழைய ஒலி அதனோடு கலந்து ஒன்றாகிவிடும். பத்தாவது அடுக்கில் பிழை நேர்ந்தால் முதல் அடுக்கிலிருந்தே மீண்டும் தொடங்கவேண்டும். ஆதலால், ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தடம் கொண்ட கருவியை அவர் வேண்டினார். அம்பெக்ஸ் நிறுவனம் செய்த எட்டுத்தட நாடாப்பொறி 1957இல் அவர் இல்லம் வந்து சேர்ந்தது. அதற்கு இசைந்த கலப்பு மேசையை ரெயின் நார்மா என்னும் பொறியியலாளர் அமைத்துக் கொடுத்தார். வீட்டுக் கூடத்துக்கு மேசை தேர்ந்தவர்களின் வரலாற்றில் இது மூத்த நிகழ்ச்சிகளுள் ஒன்று. அங்கே முதலில் தேவை தோன்றியது. பின்னர்ப் பதிவுப்பொறி வந்தது. இரண்டுக்கும் ஏற்ப மேசை அமைந்தது. இவ்வரிசை நினைவில் இருத்தத்தக்கது.

தனித்தடம் வந்தபின் கலப்பவரின் தீர்ப்பு பிற்போடத்தக்கதாயிற்று. இன்று பாடி, நாளை கலக்கலாம். எனினும் தடங்கள் சிலவே கிட்டிய காலத்தில் அச்சலுகைக்கும் எல்லை இருந்தது. 1967இல் இலண்டன் அபே ரோட் கூடத்திலே பீட்டில்ஸ் குழுவினர் 'சார்ஜன்ற் பெப்பர்' இசைத்தட்டைப் பதிந்தபோது நான்குதடப் பொறிகளே கைக்கு இருந்தன. நான்கும் நிரம்பியவுடன் அவற்றைக் கலந்து வேறொரு பொறிக்கு மாற்றிப் புதிய தடத்துக்கு இடம் தேடினர். ஒருமுறை அங்ஙனம் கலந்தவை மீண்டும் பிரியா.

பெரிய கூடங்களின் இவ்வசதி எளிய வீட்டை எட்டியது 1979ஆம் ஆண்டில். அவ்வாண்டில் யப்பானிய நிறுவனமாகிய டாஸ்காம், 'போட்டாஸ்ரூடியோ' என்னும் கருவியை வெளியிட்டது. நான்குதடக் கசெற்றுப் பொறியும் சிறு மிக்ஸரும் ஒரே பெட்டியில் அடங்கியிருந்தன. 1982 சனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்னும் பாடகர் தம் வீட்டறையில் அதனைக் கொண்டு முன்மாதிரிப் பதிவுகள் செய்தார். பின்னர் முழு இசைக்குழுவோடு பெரிய கூடத்தில் அப்பாடல்களைப் பதிந்துபார்த்தும் மனம் நிறையவில்லை. ஆதலால், வீட்டுக் கசெற்றே அவ்வாண்டு 'நெப்ராஸ்கா' என்னும் இசைத்தட்டாக வெளிவந்தது. ஒருவர் தனித்துப் பாடும் பாட்டுக்கு நான்கு தடம் போதுமென்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

தமிழுலகிலும் இதனையொத்த வரலாறு உண்டு. சென்னையிலே, மலையாளத் திரையிசைக் கலைஞர் ஆர். கே. சேகர் 1976இல் மறைந்தபோது அவருடைய மைந்தர் திலீப்குமார் ஒன்பது வயதுச் சிறுவர். தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்குக் கொடுத்த வருவாய் அக்குடும்பத்துக்கு உதவிற்று. அச்சிறுவரே பிற்காலத்தில் ஏ. ஆர். ரஹ்மான் எனப் பெயர்பெற்றவர். 1989 அளவில் வீட்டின் புறத்தே அவர் 'பஞ்சதன்' என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். அறை எழுந்தது, குளிரூட்டியும் கம்பளமும் வந்தன, கருவி வாங்கப் பணம் இல்லை. அன்னையார் தம் நகைகளை அடகுவைக்கக் கொடுத்ததனாலேயே முதலாவது பதிவுப்பொறி வந்ததென அவரே பின்னாளில் கூறியுள்ளார். 1992இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் பாடல்கள் அக்கூடத்திலேதான் உருவாயின. அன்னையின் நகை அடகுக்குச் செல்லும் வீட்டிலே கருவித் தேர்வு பொழுதுபோக்கன்று. ஒவ்வொரு ரூபாயும் ஒலிக்கு உதவியதா என்னும் கேள்விக்கு அங்கே விடைசொல்லியாக வேண்டும்.

இனி, கலந்த ஒலியைப் பிரிக்க இயலாமை எத்துணைப் பெரிய இழப்பு என்பதை ஒரு நிகழ்ச்சியால் உணரலாம். 1970களின் பிற்பகுதியிலே ஜோன் லெனன் நியூயோர்க்கில் தம் இல்லத்தில் பியானோ வாசித்துப் பாடியதொரு பாடலைக் கசெற்றில் பதிந்துவைத்தார். குரலும் பியானோவும் ஒரே தடத்தில் கலந்திருந்தன. அவர் 1980இல் கொலையுண்டபின், 1995 அளவில் தோழர்கள் அதனை நிறைவு செய்ய முயன்று கைவிட்டனர். பியானோவின் ஒலியிலிருந்து குரலை விடுவிக்க அந்நாளில் வழியில்லை. கணினிக்குக் குரலையும் கருவியையும் பிரித்தறியப் பயிற்றும் நுட்பம் வளர்ந்த பின்னரே, 2023 நவம்பரில் அப்பாடல் வெளிவந்தது. ஒலிவாங்கி இரண்டும் தடம் இரண்டும் அன்று இருந்திருப்பின், நாற்பது ஆண்டுக்கும் மேலான காத்திருப்பு வேண்டியிராது. உலகப்புகழ் வாய்ந்த கலைஞரின் கசெற்றுக்கு இத்துணை உழைப்பைச் செலவிட ஆட்கள் உளர். தோட்டத்து மூதாட்டி ஒருவரின் தாலாட்டுக்கு அங்ஙனம் எவர் செலவிடுவர்?

இலங்கையிலே 1981இல் தொடங்கப்பெற்ற மகாவலி சமூக வானொலித் திட்டத்தினரும் இத்துறைக்கு ஒரு பாடம் விட்டுச்சென்றுள்ளனர். அவர்கள் கிராமத்தாரைக் கூடத்துக்கு அழைக்கவில்லை. கையில் எடுத்துச்செல்லத்தக்க கருவிகளுடன் தாமே கிராமங்களுக்குச் சென்று, நாட்கணக்கில் தங்கிப் பதிவு செய்தனர். குரல் இருக்குமிடத்துக்குக் கருவி செல்லவேண்டும் என்பதே அவர்களின் நெறி. அசைக்கவொண்ணாப் பெருமேசை அந்நெறிக்கு ஒவ்வாது.

இவ்வரலாறு தேர்வாளருக்குக் கற்பிப்பது யாது? முதலாவதாக, ஒரே வேளையில் எத்தனை ஒலிவாங்கிகள் திறந்திருக்கும் என எண்ணவேண்டும். பாடுவோர் இருவர், ஆர்மோனியம், மேளம் என்றால் நான்கு அல்லது ஐந்து ஒலிவாங்கிகள் போதும். மேசையின் மேல் 'பன்னிரண்டு' என எழுதியிருப்பினும், அவற்றுள் ஒலிவாங்கிக்கு உரிய வாயில்கள் நான்காகவே இருத்தல் கூடும். ஆகவே எண்ணைப் படித்தல் போதாது. வாயிலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டாவதாக, மென்குரலை நுட்பமாக வாங்கும் கண்டென்சர் வகை ஒலிவாங்கிக்கு, அதன் கம்பிவழியே 48 வோல்ற்று மின்சாரத்தை மேசை ஊட்டவேண்டும். 'பாண்டம் பவர்' எனப்படும் இவ்வசதி இல்லையெனில் அவ்வகை ஒலிவாங்கி ஊமையாகிவிடும்.

மூன்றாவது வினாவே தலையாயது. மேசையிலிருந்து கணினிக்குச் செல்வது யாது? விலை குறைந்த மிக்ஸர்கள் பல, யூ.எஸ்.பி. கம்பிவழியே இடம், வலம் என்னும் இரண்டே தடங்களைத்தான் அனுப்பும். எட்டு ஒலிவாங்கிகளைப் பொருத்தினாலும் கணினியை அடைவது கலந்துவிட்ட இரண்டே. வேறு சில கருவிகள் ஒவ்வொரு சனலையும் தனித்தடமாகவே சேர்க்கும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருத்தலால், வாங்குவோர் இதனைக் கேட்டறியாது பணம் கொடுத்தல் ஆகாது. திருவிழா மேடையில் பாட்டை அப்போதே ஒலிபெருக்கிக்குக் கொடுப்பதே நோக்கமாயின், விரலுக்கு எட்டும் பிடிகள் கொண்ட மேசையே வேண்டும். அங்கே தீர்ப்பு உடனடித் தீர்ப்பு. வீட்டறையில் ஒருவரோ இருவரோ பாடுவதைப் பதிவதாயின், 'ஓடியோ இன்டர்பேஸ்' என்னும் சிறுபெட்டியே போதும். கலப்பைக் கணினித் திரையிலே ஆறுதலாகச் செய்யலாம். மிஞ்சும் பணத்தை நல்ல ஒலிவாங்கிக்கும், எதிரொலியை அடக்கும் தடித்த திரைச்சீலைக்கும் செலவிடுதல் அறிவுடைமை.

புனலின் முன் நின்ற நாள் முதல் கணினித் திரை வரை, ஒலிகளைக் கலக்கும் தீர்ப்பை எவ்வளவு காலம் பிற்போட இயலும் என்பதே இக்கருவியின் வரலாறாக இருந்துள்ளது. மேடைக்குப் பாடுவோருக்கு அத்தீர்ப்பு இன்றே வேண்டும். முதியோரின் பாட்டைப் பேரப்பிள்ளைகளுக்காகக் காப்போருக்கோ அது இன்று வேண்டுவதன்று. பாட்டியின் குரல் ஒரு தடத்திலும் மேளம் வேறொரு தடத்திலும் நிற்குமாயின், எது ஓங்க வேண்டும் என்பதைப் பின்வரும் தலைமுறை தன் செவிக்கு ஏற்பத் தீர்மானித்துக்கொள்ளும். அந்த உரிமையை அவர்களுக்கு விட்டுவைக்கும் கருவி, சிறிதாயினும் மலிவாயினும், தேர்ந்தெடுக்கத்தக்க கருவியே.