எத்தனை மூட்டை கோதுமை?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. ஒரகடத்துல எங்க கம்பெனி கேண்டீன்ல, சாம்பார் சாதத்துக்கு நடுவுல நண்பர் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே கேட்டார். "பாஸ், உங்க கொள்ளுத் தாத்தாவுக்கு எத்தனை மூட்டை கோதுமை குடுத்தாங்க?"

நல்ல மனுஷன்தான். என் கோடுல பிழை இருந்தா நைட் ஷிஃப்ட்ல கூட உக்காந்து சரி பண்ணிக் குடுப்பார். நானும் சிரிச்சுட்டுத் தட்டைக் கழுவப் போயிட்டேன். ஆனா ராத்திரி தூக்கம் வரலை.

எனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்போ வயசு மூணு மாசம். உள்நோக்கம்னு எதுவும் இருந்திருக்க வாய்ப்பில்லை (பால் தவிர). அதனால கேள்வி எனக்கானது இல்லை. எங்க வம்சத்துல முதல்ல தலையில தண்ணி வாங்கிக்கிட்ட அந்த மனுஷனுக்கானது. பாட்டி சொல்ற கதைப்படி அவர் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மிராசுதார்கிட்ட படியாளா இருந்தவர். "வேதத்துல சேர்ந்தார்"னு பாட்டி சொல்லும். அதுக்கு மேல வீட்டுல யாருக்கும் விவரம் தெரியாது. சரி, அவரைப் பத்தித் தெரியலைன்னாலும் அவர் வாழ்ந்த காலத்தைப் பத்தியாவது தெரிஞ்சுக்கலாமேன்னு தேட ஆரம்பிச்சேன்.

தேடினா, விஷயம் நான் தினமும் கம்பெனி பஸ்ல போற ரோட்டுப் பக்கத்துலயே இருக்கு! சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மெல்ரோசாபுரம்னு ஒரு ஊர். பேரைக் கேட்டா ஏதோ ரியல் எஸ்டேட்காரர் வெச்ச பேர் மாதிரி இருக்கும். ஸ்காட்லாந்துல இருக்கற மெல்ரோஸ்ங்கற ஊரோட பேர் அது. செங்கல்பட்டுல இருந்த ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, 1890களில் நிலமில்லாத தலித் மக்களைக் குடியமர்த்தி உண்டாக்கின குடியிருப்பு. அவர் பேர்லயே ஆண்ட்ரேயபுரம்னு இன்னொண்ணும் உண்டு.

அவர் ஏன் பைபிளை மூடி வெச்சுட்டு நில விண்ணப்பம் எழுத உக்காந்தார்? அதுக்கு அன்றைய செங்கல்பட்டு ஜில்லா எப்படி இருந்ததுன்னு பார்க்கணும்.

1876–78 பெரும் பஞ்சம் இந்த ஜில்லாவை உலுக்கிப் போட்டிருந்தது. நிலம் மிராசுதார்கள் கையில். தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து போட்டு யாரும் கேட்கலாம்னு சட்டத்தில் வழி இருந்தாலும், மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை. படியாள் விண்ணப்பம் போட்டா மிராசுதார் குறுக்கே வந்து "எனக்கு வேணும்"னு சொன்னாப் போதும், கதை முடிஞ்சது. இதெல்லாம் நான் சொல்றது இல்லை. ஜில்லா கலெக்டரா இருந்த ட்ரெமென்ஹீர் 1891ல அரசாங்கத்துக்கு எழுதின அறிக்கையில இருக்கு. அதோட தலைப்பே "செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பு" (அந்தக் காலத்து அரசாங்க பாஷை அப்படி). குடிசை போட்டிருக்கற மண்ணுகூட மிராசுதாருக்குச் சொந்தம், எதுத்துப் பேசினா குடிசையோட வெளியேத்தலாம். கூலி தானியமா வரும். கல்யாணத்துக்கோ காய்ச்சலுக்கோ வாங்கின கடனுக்கு ஆளே அடமானம். அப்பன் வாங்கின கடனுக்கு மகன் உழைப்பான்.

அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் நம்பர் அரசாணை. பஞ்சமி நிலம்னு இன்னிக்கு நாம சொல்றதோட தொடக்கம் அதுதான். வேற சாதியாருக்கு விக்கக் கூடாதுங்கற நிபந்தனையோட கொடுத்த நிலம். மொத்தம் 12 லட்சம் ஏக்கர்னு பொதுவா ஒரு கணக்கு சொல்றாங்க. அதுல எவ்வளவு இன்னும் உரியவங்க கையில இருக்குங்கறது தனிச் சோகம்.

இங்கதான் எனக்கு ஒரு சொல் தட்டுப்பட்டது. மீட்பு.

சின்ன வயசுலேர்ந்து சர்ச்சுல கேட்டுக் கேட்டு, மீட்புன்னா செத்ததுக்கப்புறம் நடக்கற ஏதோ ஒண்ணுன்னு மனசுல பதிஞ்சு போச்சு. ஆனா வீட்டுல அம்மா இந்தச் சொல்லை எப்போ சொல்வாங்க? "அடுத்த மாசம் அந்த ரெண்டு வளையலை மீட்டுடணும்"னு. அடகு வெச்சதைத் திருப்பறதுக்குப் பேர்தான் தமிழ்ல மீட்பு. பைபிள்லயும் அப்படித்தான் இருக்கு. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்துல பெரும்பகுதி இழந்த நிலத்தை மீட்கறது, கடனுக்கு விலைப்பட்ட சொந்தக்காரனை மீட்கறது பத்தின சட்டம். ரூத் கதையில போவாஸ் மீட்கறது நகோமியோட குடும்ப நிலத்தை. யாத்திராகமத்துல மீட்புன்னா அடிமைத்தனத்துலேர்ந்து கூட்டமா வெளியே நடந்து போறது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. கடனுக்குத் தானே அடமானமா இருக்கற ஒருத்தன் காதுல "உன்னை மீட்க ஒருத்தர் வந்தார், விலையை அவரே கொடுத்துட்டார்"னு விழுந்தா அவனுக்கு அது உருவகமா? எனக்குத்தான் அது உருவகம். ஏசி ரூம்ல உக்காந்திருக்கேன், ஹோம் லோன் மட்டும்தான் பாக்கி.

சுவாரசியம் என்னன்னா, நண்பர் கேட்ட கேள்வியை அந்த மிஷனரிகளே கேட்டிருக்காங்க. வர்றவன் ஆத்துமாவுக்காக வர்றானா, வயித்துக்காக வர்றானான்னு அவங்களுக்கு ஓயாத சந்தேகம். அதனால வந்த உடனே தண்ணி தெளிச்சுடலை. காக்க வெச்சாங்க, பாடம் படிக்கச் சொன்னாங்க, குடியை விடச் சொன்னாங்க, ஞாயித்துக்கிழமை வேலை செய்யாதேன்னாங்க. படியாள் ஞாயித்துக்கிழமை வரலைன்னா மிராசுதார் சும்மா விடுவாரா? கோதுமைக்காகத்தான் வந்தான்னா, அது ரொம்ப செலவு பிடிச்ச கோதுமை.

திருநெல்வேலியில பஞ்சத்துக்கப்புறம் ஆயிரக்கணக்குல ஜனங்க சபைக்கு வந்தப்போ கால்டுவெல்லுக்கும் இதே விமர்சனம் வந்தது. கத்துக்கொடுக்கறதுக்கு முன்னாடியே உயர்ந்த நோக்கத்தை எதிர்பார்க்க முடியாதுங்கற மாதிரி வாதாடினார் மனுஷர். காந்தி 1936ல ஜான் மாட்டோட பேசும்போது, ஒரு பசுமாட்டுக்குப் போய் சுவிசேஷம் சொல்வீங்களான்னு கேட்டு, புரிஞ்சுக்கற விஷயத்துல தீண்டப்படாதவர்கள் சிலர் அதைவிட மோசம்னார். காந்தி மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இந்த இடத்துல வலிக்குது.

ஒரு ஒப்பீடு சொல்றேன். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதினவர். வைணவ வேளாளக் குடும்பம், அப்பா கம்பராமாயணத்துல கரை கண்டவர். இவர் 1853லேர்ந்து சாயர்புரத்துல மிஷன் பள்ளியில தமிழ்ப் பண்டிதர், சம்பளத்தோட. 1858ல சென்னையில ஞானஸ்நானம். அவரோட விசுவாசம் உண்மையானதுங்கறதுல எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனா அவர்கிட்ட போய் "எவ்ளோ சம்பளம் போட்டுக் குடுத்தாங்க?"ன்னு இன்னிக்கு யாரும் கேட்கறது இல்லையே, ஏன்? பண்டிதருக்கு ஆத்துமா உண்டு, படியாளுக்கு வயிறு மட்டும்தான்னு நாம எல்லாரும் சேர்ந்தே முடிவு பண்ணி வெச்சிருக்கோம். திருக்கோஷ்டியூர் கோபுரத்துல ஏறி, நான் நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லைன்னு எல்லாருக்கும் மந்திரத்தைச் சொன்னதா சொல்லப்படற ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் எங்க ஆபீஸ்லேர்ந்து கொஞ்ச தூரம்தான். அவர் யாரோட நோக்கத்தையும் விசாரிச்சதா கதையில இல்லை.

மெல்ரோசாபுரம் நல்லபடியா முடிஞ்சதுன்னு எழுதவும் எனக்கு மனசில்லை. ஒரு மிஷனரி குடியமர்த்தறது ஒரு வகைல இன்னொரு எஜமானுக்குக் கீழ வர்றதும்தான். சபைக்குள்ள சாதி போகவே இல்லை, சில ஊர்கள்ல கல்லறைகூடத் தனி. நாங்களும் யோக்கியம் இல்லை.

ஞானஸ்நானத்துக்கு விலை இன்னொரு பக்கத்துலேர்ந்தும் வந்தது. 1950 ஆணைப்படி கிறிஸ்தவரானா பட்டியல் சாதி அந்தஸ்து போயிடும். சீக்கியருக்கு 1956லயும் பௌத்தருக்கு 1990லயும் கதவைத் திறந்தாங்க, நமக்கு இல்லை. சென்னையில ரோட்டோரம் செருப்பு தைக்கற தொழிலாளிகளுக்கு அரசு இலவசமா பங்க் கொடுத்தப்போ, சூசைங்கறவருக்கு அவர் கிறிஸ்தவர்னு கொடுக்கலை. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்த் தோத்துப் போச்சு. தீர்ப்பு வந்த நாள் 1985 செப்டம்பர் 30. அந்த 1010 அரசாணையோட அதே தேதி! 2023 ஏப்ரல்ல தமிழ்நாடு சட்டசபை இதை மாத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது.

ஆக, என் கொள்ளுத் தாத்தாவோட கணக்கைப் போட்டா வரவு என்ன செலவு என்னன்னு எனக்கே குழப்பம். 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டுல, காரணை பஞ்சமி நிலத்தை மீட்கற போராட்டத்துல போலீஸ் சுட்டு ரெண்டு பேர் செத்தாங்க. ஜான் தாமஸ், ஏழுமலை. பேரைப் பாருங்க. நிலம் ஒண்ணுதான்.

நண்பருக்கு இன்னும் பதில் சொல்லலை. திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல ரெண்டு பேரும் ஒரே பஸ். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டும்போது ஜன்னலோர சீட்டை அவருக்குக் குடுத்துட்டு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.