நிலவைச் சொல்லில் வைத்தவர்கள்

தை, மாசித் திங்களில் ஸ்ரீமதுரையின் முன்னிரவு வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். முதுமலைக் காட்டை ஒட்டிய இந்தக் கூடலூர்ப் பகுதியில், செந்நிற ரோகிணியை நெருங்கும் வளர்பிறையைக் காண வெறுங்கண்ணே போதும். அகநானூற்றின் 136ஆம் பாட்டில் மணநாள் குறித்தவர் கண்டதும் இக்காட்சியே. ரோகிணிக்கு அங்கே சகடம் என்று பெயர். வண்டியின் வடிவைச் சுற்றியுள்ள விண்மீன்களில் கண்டவர் இட்ட பெயர் அது. கண்ணகியின் மணநாளுக்கும் இளங்கோ இந்தச் சேர்க்கையையே கூறுகிறார். வெள்ளி தென்திசைப் பெயர்ந்தால் வறட்சி என்ற நம்பிக்கையைப் பட்டினப்பாலை தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. நம்பிக்கை கிடக்கட்டும், வெள்ளி எத்திசையில் நிற்கிறது என்று நாள்தோறும் பார்த்திராதவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை பிறந்திராது.

கண்டதைக் காத்த வழிதான் கவிஞர்களாகிய நமக்கு வியப்பூட்டுவது. வாக்கியப் பஞ்சாங்க மரபில் நிலவின் நடைக்கு 248 வாக்கியங்கள் உண்டு. 248 நாளில் நிலவு தன் வேக ஏற்றத்தாழ்வை ஏறக்குறைய ஒன்பது முறை முடித்துவிடும். ஆகவே நாளுக்கொரு வாக்கியம். எழுத்துக்கு ஓர் எண் என்ற முறையில் அமைந்த அவ்வடமொழித் தொடர்களை மனப்பாடம் செய்தவருக்கு ஏடும் வேண்டியதில்லை.

அத்தகைய ஒருவரை ஜான் வாரன் என்ற அதிகாரி புதுச்சேரியில் கண்டார். தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்தே எண்களை எடுத்து, 1825 மே 31 – ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. கோட்பாடு ஏதும் அறியாதவர், நினைவாற்றல் மிக்கவர் என்று வாரன் எழுதி வைத்தார். பாராட்டோடு ஒரு தள்ளுதலும் அதில் இருக்கிறது. வாரனின் எழுத்துக்கூட்டலில் அவர் பெயர் ‘சாமி நாடன் சசியா’. நம் செவிக்கு அது சாமிநாத சேஷய்யா என்று ஒலிக்கிறது. 1952இல் நியூகெபவர் என்ற அறிஞர் இக்கணக்கை ஆராய்ந்து, அதன் வேரைப் பழைய பாபிலோனிய முறைகள் வரை கொண்டு சென்றார். ஒன்றும் அறியாதவர் எனப்பட்டவரின் சோழிகளில் இரண்டாயிரம் ஆண்டு நீண்ட ஒரு மரபு கிடந்தது!

நிலவை அளவுகோலாகக் கொள்ளும் வேலை நம் மலையிலும் நடந்தது. உதகையை அடுத்த முத்தோரையில், 11 பாகை அகலக்கோட்டுக்கு இசைந்த சரிவில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கியைக் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970இல் இயக்கினர். தொலைவிலுள்ள ரேடியோ மூலம் ஒன்றை நிலவின் விளிம்பு மறைக்கும் கணத்தைக் குறித்து, அம்மூலத்தின் இடத்தையும் உருவத்தையும் நுட்பமாக அறிந்தனர். நிலவின் பாதையில் கிடக்கும் மூலங்களையே இவ்வாறு அளக்க முடியும். ரோகிணியும் அப்பாதையோரம் நிற்பதுதான். 2015 முதல் 2018 வரை மாதந்தோறும் உலகின் ஏதேனும் ஒரு பகுதியிலிருந்து பார்த்தோர்க்கு நிலவு அதை மறைத்துச் சென்றது.