இடாப்பில் பெயர் இல்லாத இயந்திரங்கள்

2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. சிஸ்டத்தைத் திரும்ப எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மெயில்கள் போனது போனதுதான். அந்த நாட்களுக்கு பெக்கப் இல்லை.

இப்படியான செய்தி வந்தால் நாங்கள் உடனே கேட்பது, ‘ஏன் பெக்கப் எடுக்கேல்ல?’ அதுக்கு முன்னால் கேட்கவேண்டியது ஒன்று இருக்கு. எதை எதை எடுக்கவேணும் என்று பெக்கப்புக்கு யார் சொல்வது? இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

1967 இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வு நிலையம், ஒரே கணினியை 14 தனிக் கணினிகள் போல இயங்க வைத்தது. மெய்நிகர் இயந்திரத்தின் கதை அங்கேதான் தொடங்குது. 1972 இல் ஐபிஎம் அறிவித்த விஎம்/370 இல், ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்தையும் முதலில் ஒரு இடாப்பில் பதியவேணும். பதிவு இல்லையென்றால் இயந்திரமும் இல்லை. அதனால் என்னென்ன இயந்திரம் இருக்கு என்று தேடித் திரியத் தேவை இருக்கவில்லை.

விஎம்வெயார் நிறுவனம் 2001 இல் ஈஎஸ்எக்ஸ் மென்பொருளைக் கொண்டு வந்தபிறகு நிலைமை மாறியது. புதிய சேவர் வாங்க அனுமதி, விலைமனு என்று மாதக்கணக்கு போகும். மெய்நிகர் சேவர் என்றால் சில நிமிடங்கள் போதும். 2003 இல் வந்த விமோஷன், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்தாமலே இன்னொரு சேவருக்கு மாற்றியது. பெக்கப் பார்ப்பவர் கையால் எழுதி வைத்த லிஸ்ட் ஒரு கிழமையிலேயே பழசாகிவிடும்.

சோதனைக்கு என்று ஒருவர் உருவாக்கிய இயந்திரத்தில் பிறகு சம்பளக் கணக்கு ஓடத் தொடங்கும். பெக்கப் லிஸ்டில் அதன் பெயர் இராது. ஆனாலும் அறிக்கை தினமும் பச்சைதான் காட்டும். லிஸ்டில் உள்ள 40 உம் வெற்றி என்றுதான் அதுக்குத் தெரியும். 41 ஆவது இருக்கிறதே தெரியாது.

இதற்கு வந்த விடைதான் ‘டிஸ்கவரி’. 2009 இல் விஎம்வெயார் பெக்கப்புக்கென்று புதிய இடைமுகங்களை வெளியிட்டது. இயந்திரம் ஒவ்வொன்றுக்குள்ளும் ஏஜென்ட் போடாமல், எல்லாவற்றையும் நிர்வகிக்கும் விசென்டரிடமே பெக்கப் மென்பொருள் கேட்கும்: உன்னிடம் யார் யார் இருக்கினம்? வாக்காளர் இடாப்புக்கு கிராம அலுவலர் வீடு வீடாகப் போவது மாதிரி.

ஆனால் அலுவலருக்கே ஒரு ஒழுங்கை தெரியாவிட்டால்? பெக்கப்புக்குக் கொடுத்த கணக்குக்கு ஒரு ஃபோல்டரைப் பார்க்க அனுமதி இல்லையென்றால், உள்ளே இருக்கும் இயந்திரங்கள் லிஸ்டிலேயே வராது. பிழை என்று ஒரு செய்தியும் வராது. அடுத்தது விதி. ‘பெக்கப்’ என்று டேக் போட்டதை மட்டும் எடு என்றால், டேக் போட மறந்தது விடுபடும். எல்லாவற்றையும் எடு, வேண்டாம் என்று டேக் போட்டதை மட்டும் விடு என்பதுதான் பாதுகாப்பு. மூன்றாவது டிஸ்க். ‘இன்டிபென்டன்ட்’ என்று அமைத்த டிஸ்க் ஸ்னெப்ஷொட்டில் சேராது. இயந்திரத்தின் பெயர் இடாப்பில் இருக்கும், அதன் தரவு இருக்காது.

1972 இல் இடாப்பு முதல், இயந்திரம் பிறகு. இன்று இயந்திரம் முன்னே போக இடாப்பு பின்னால் ஓடுது. அதனால் டிஸ்கவரியை ஒருக்கால் அமைத்துவிட்டு விடமுடியாது. விசென்டரின் லிஸ்டையும் பெக்கப் லிஸ்டையும் இடைக்கிடை ஒப்பிட்டு, ஏதாவதொரு இயந்திரத்தை மீட்டும் பார்க்கவேணும்.

அரச மெயிலில் நடந்தது டிஸ்கவரிப் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பெக்கப் இல்லாமல் போனால் என்ன போகும் என்று அது காட்டியது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பைப் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது 2023 யூலை 1 இல். அதுவும் அந்த இடைவெளிக்குள்தான் வருது. அந்த மாதங்களில் அரசு எப்படி இயங்கியது என்று நாளைக்கு ஒரு வரலாற்று மாணவர் தேடினால், பாதிக்கப்பட்ட அந்தக் கணக்குகளில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது.