ரேவா மின்மகிழுந்து பழுதறிதல்

ரேவா என்பது பெங்களூருவில் உருவாக்கப்பட்ட, இரு கதவுகள் கொண்ட சிறிய மின்மகிழுந்து ஆகும். மைனி குழுமமும் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு நிறுவனமும் இணைந்து 1994 இல் தொடங்கிய கூட்டு நிறுவனம் இதனைத் தயாரித்து, 2001 முதல் இந்தியாவில் விற்றது. 2004 முதல் இலண்டனில் இது ஜி-விஸ் என்னும் பெயரில் விற்கப்பட்டது. 2010 இல் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை மகிந்திரா வாங்கியது; 2012 இல் ரேவாவின் உற்பத்தி நின்றது. எனவே இன்றும் ஓடும் ரேவாக்கள் யாவும் பத்தாண்டுகளைக் கடந்தவை. ஓடுதூரம் குறைந்தவுடன் எல்லா மின்கலங்களையும் மாற்றவேண்டும் என்றோ, வண்டியையே கழித்துவிடலாம் என்றோ முடிவெடுப்பது எளிது. ஆனால் குறை ஒரே ஒரு மின்கலத்தில் மட்டும் இருக்கக்கூடும்.

மின்னமைப்பு

முன்னிருக்கைகளுக்கு அடியில் 6 வோல்ட் ஈய-அமில மின்கல அடுக்குகள் (பேட்டரிகள்) எட்டு, தொடராக இணைக்கப்பட்டுள்ளன. மொத்த மின்னழுத்தம் 48 வோல்ட். கொள்ளளவு 200 ஆம்பியர்-மணி. ஒவ்வொரு அடுக்கிலும் 2 வோல்ட் மின்கலங்கள் மூன்று இருப்பதால், வண்டியில் மொத்தம் 24 மின்கலங்கள் உள்ளன. வீட்டிலுள்ள 15 ஆம்பியர் மின்செருகியிலிருந்தே முழுமையாக மின்னேற்றலாம். அதற்குச் சுமார் 8 மணிநேரம் ஆகும். தொடக்க கால ரேவாக்களில் கரித்தூரிகைகள் கொண்ட நேர்திசை மின்னோடியும், பின்னர் வந்த ரேவா-ஐ மாதிரியில் தூரிகையற்ற மாறுதிசை மின்னோடியும் பொருத்தப்பட்டன. 2009 இல் அறிமுகமான லித்தியம்-அயனி மாதிரிக்குக் கீழ்க்காணும் மின்கலச் சோதனைகள் பொருந்தா. அதன் மின்கலத் தொகுதியைத் திறக்கவே கூடாது.

முன்னெச்சரிக்கை

48 வோல்ட் என்பது வீட்டு மின்சாரத்தை விடக் குறைவு என்பதால் அச்சமின்றிக் கைவைப்போர் உண்டு. இங்கு மின்னதிர்ச்சியை விடக் குறுக்குச்சுற்றே பெரிய ஆபத்து. இரு முனைகளுக்கு இடையே ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கும் மேலான மின்னோட்டம் பாய்ந்து உலோகமே உருகித் தெறிக்கும். ஆகவே மோதிரம், வளையல், உலோகக் கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கருவிகளின் கைப்பிடியில் மின்காப்பு நாடா சுற்றிக்கொள்ள வேண்டும். மின்னேற்றத்தின்போது ஐதரசன் வளிமம் வெளிப்படுவதால் காற்றோட்டமான இடத்தில், தீப்பொறி எழாதவாறு வேலை செய்யவேண்டும். மின்கல அடுக்கைத் துண்டித்த பின்னரும் கட்டுப்படுத்தியின் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் சிறிது நேரம் மின்னூட்டத்துடன் இருக்கும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஓடுதூரம் குறைதல்

உரிமையாளர்கள் பொதுவாகச் செய்வது மொத்த மின்னழுத்தத்தை அளப்பதாகும். இது ஏமாற்றக்கூடிய அளவீடு. முழுமையாக மின்னேற்றி, சில மணிநேரம் ஓய்வில் விட்ட நல்ல தொகுதி ஏறத்தாழ 51 வோல்ட் காட்டும். 24 மின்கலங்களில் ஒன்று உட்குறுக்கால் செயலிழந்தால் 2 வோல்ட் மட்டுமே குறைந்து, ஏறத்தாழ 49 வோல்ட் காட்டும். பாதி மின்னூட்டம் தீர்ந்த நல்ல தொகுதியும் ஏறத்தாழ இதையே காட்டும். அளவி ஒன்றைச் சொல்ல, வண்டி வேறொன்றைச் செய்கிறது என்ற குழப்பம் பெரும்பாலும் இதனால் வருவதே. முகப்பிலுள்ள மின்னூட்டக் காட்டியும் பெட்ரோல் வண்டியின் எரிபொருள் மிதவையைப் போல நேரடியாக அளப்பதன்று. அது கணினியின் கணிப்பு மட்டுமே.

எனவே ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே அளந்து எழுதிவைக்க வேண்டும். ஓய்வில் நல்ல அடுக்கு 6.3 முதல் 6.4 வோல்ட் வரை காட்டும். ஏழு அடுக்குகள் அவ்வாறிருக்க, ஒன்று மட்டும் 4.2 வோல்ட் காட்டினால் குற்றவாளி அகப்பட்டது எனலாம். ஓய்வில் எட்டும் ஒன்றுபோலக் காட்டினாலும் ஐயம் தீர்ந்ததாகாது. வலுவிழந்த மின்கலம் சுமை ஏறும்போதே தன் நிலையைக் காட்டும். ஒருவர் வண்டியை மேட்டில் மெதுவாக ஏற்ற, மற்றொருவர் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஓர் அடுக்கில் அளவியை இணைத்துப் பார்க்கலாம். மற்றவை 5.8 வோல்ட் அளவில் நிற்கையில் ஒன்று மட்டும் 5 வோல்ட்டுக்குச் சரிந்தால் அதுவே பழுதானது.

அமில ஒப்படர்த்திமானி இருப்பின் 24 மின்கலங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். முழு மின்னூட்டத்தில் ஒப்படர்த்தி 1.26 முதல் 1.28 வரை இருக்கவேண்டும். நீர் ஊற்றிய உடனே அளந்தால் மேலே நிற்கும் நீரையே அளந்ததாகும்.

பழுதான அடுக்கைக் கண்டும் காணாமல் விடுவது செலவைக் கூட்டும். மின்னேற்றி மொத்த மின்னழுத்தத்தைப் பார்த்தே தன் பணியை முடிக்கிறது. இறந்த மின்கலத்தின் பங்கையும் சேர்த்து மற்ற 23 மின்கலங்களும் மிகையாக மின்னேற்றப்படுகின்றன. அவற்றின் நீர் விரைந்து வற்றி, தகடுகள் வெளிப்பட்டு, நல்லவையும் கெடுகின்றன. மாற்றும்போது புத்தம்புதிய அடுக்கை விட, அதே கொள்ளளவும் ஏறத்தாழ அதே வயதும் உடைய, சோதித்த அடுக்கையே இணைப்பது நன்று. ஏழு கிழவர்களோடு நுகத்தில் பூட்டிய இளங்காளையின் நிலை புதியதற்கு நேரும். எட்டும் ஒருசேரத் தளர்ந்திருந்தால் மட்டுமே முழுத் தொகுதியையும் மாற்றவேண்டும்.

இணைப்புகள்

மின்கலங்கள் நலமாக இருந்தும் வண்டி இழுக்கவில்லையெனில் முனை இணைப்புகளைப் பார்க்கவேண்டும். ஓர் இணைப்பில் ஓம் ஒன்றின் ஆயிரத்தில் ஐந்து பங்கு தடை இருந்தாலும், 200 ஆம்பியர் பாயும்போது அங்கே 1 வோல்ட் இழப்பும் 200 வாட் வெப்பமும் உண்டாகும். ஓட்டி நிறுத்தியவுடன் புறங்கையை அருகே கொண்டுசென்றால் சூடான இணைப்பு தானே தெரியும், தொடவேண்டியதில்லை. பூத்திருக்கும் வெண்பச்சைப் படிவை, மின்கலத்தின் உள்ளே சொட்டாதவாறு சமையல் சோடாக் கரைசலால் கழுவி, உலர்த்தி, முறுக்கியபின் வாசலின் தடவலாம்.

வண்டி நகராதிருத்தல்

சாவியைத் திருப்பியதும் முதன்மை மின்தொடுவி 'டக்' என்று ஒலிக்கவேண்டும். ஒலி இல்லையெனில் உருகி, சாவித் தொடர்பு, மின்தொடுவியின் சுருள் ஆகியவற்றை இவ்வரிசையில் பார்க்கலாம். ஒலித்தும் நகரவில்லையெனில் தொடுமுனைகள் தீய்ந்திருக்கலாம். நேர்திசை மின்னோடியில் கரித்தூரிகைகள் தேய்ந்திருப்பதும் உண்டு; விட்டுவிட்டு இழுப்பதும், கருகிய வாடையும் அதன் அறிகுறிகள். கட்டுப்படுத்தியை இறுதியாகவே ஐயுறவேண்டும். விலையுயர்ந்த அவ்வுறுப்பை மாற்றிய பின்னர் ஒரு தளர்ந்த திருகே காரணம் எனத் தெரிவதைப் போன்ற வீண்செலவு வேறில்லை.

நீர் விடுதல்

காய்ச்சி வடித்த நீரை மட்டுமே, மின்னேற்றம் முடிந்தபின் விடவேண்டும். முன்னரே நிரப்பினால் மின்னேற்றத்தில் அமிலம் பொங்கி வழியும். தகடுகள் வெளித்தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும் அவை மூழ்குமளவு முதலில் விட்டு, மின்னேற்றியபின் மீதியை நிரப்பவேண்டும். அமிலம் சேர்ப்பது தவறு. வற்றுவது நீரேயன்றி அமிலமன்று. பல வாரங்கள் ஓட்டாமல் நிறுத்தும்போது முழுமையாக மின்னேற்றி, இடையிடையே மீண்டும் ஏற்றிவரவேண்டும். இல்லையேல் தகடுகளில் ஈயச் சல்பேட்டு இறுகி, பின்னர் எவ்வளவு ஏற்றினாலும் கொள்ளளவு திரும்பாது.